கோழிக்காக உபவாசம்

ஜனவரி 18

கர்த்தருக்குள் பிரியமான மகளுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல மாடி வீட்டு நர்ஸம்மா எழுதுவது. தேதியை அவரே மேலே போட்டுவிட்டார். வருஷத்தையும் போடட்டுமா என்று கேட்டார். வருஷத்துக்கு எண் எதற்கு? ஆற்றுப் பாலத்தின் நடுத்தூண் உட்கார்ந்து பஸ்ஸெல்லாம் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்து, நம் சபைக் கூரையின் ஒரு மூலை காற்றில் பறந்து, பழைய போதகர் ஓய்வு பெற்ற அடுத்த ஞாயிறே புதுப் போதகர் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு வந்து இறங்கினாரே, அது போன வருஷம். அதற்கு அடுத்தது இது. இதற்கு மேல் யாருக்கு என்ன அடையாளம் வேண்டும்?

ஆண்டவர் எழுப்பிவிடுகிற நேரத்துக்கு எழுந்துவிடுகிறேன். முழங்கால் மட்டும் என் பின்னாலேயே கொஞ்சம் தாமதமாக எழுந்து வருகிறது. நீ, மாப்பிள்ளை, வாண்டு மூவரும் எப்படி இருக்கிறீர்கள்?

உன் கடிதத்தை நர்ஸம்மா இரண்டு தரம் வாசித்துக் காட்டினார். நீ போனில் சொல்லியிருந்தால் பாதிகூட எனக்குள் இறங்கியிருக்காது. கப்பல் பட்டறையில் ரிவெட் அடித்த காது இது. கடிதம் என்றால் நர்ஸம்மா என் முகத்துக்கு நேரே வந்து கத்துவார், நிம்மதி.

வாண்டு பதிமூன்று வயதில் எந்நேரமும் கம்ப்யூட்டர் விளையாட்டே கதி என்று கிடக்கிறாள் என்றும், புதிய பள்ளி வருஷத்தில் அவளை மிஷன் ஹாஸ்டலில் சேர்த்துவிட மாப்பிள்ளை முடிவு செய்துவிட்டார் என்றும் எழுதியிருந்தாய். மே முடிவதற்குள் விண்ணப்பம் கொடுக்க வேண்டுமாம். மாப்பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. லிஃப்ட் பரிசோதகர். கம்பியில் ஒரு இழை நைந்திருந்தாலும் ஓட்டத்தை நிறுத்திவைக்கிற மனுஷர். ஆனால் பெண் பிள்ளையை அப்படி நிறுத்திவைக்க முடியுமா என்று மட்டும் நல்ல நேரம் பார்த்துக் கேள்.

அது என்ன விளையாட்டு? எதிரில் ஆள் உண்டா? பந்து உண்டா? யார் ஜெயித்தார்கள் என்று யார் சொல்வார்கள்? நர்ஸம்மா சிரிக்கிறார். விவரமாக எழுது. பிள்ளையைப் பார்த்து இரண்டு வருஷமாகிறது. ஹாஸ்டலுக்குப் போய்விட்டால் இனி பார்ப்பேனோ மாட்டேனோ.

எல்லோருக்கும் என் முத்தங்கள். மாப்பிள்ளைக்கு மட்டும் ஸ்தோத்திரம்.

அப்பா

*

பிப்ரவரி 6

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே மூவருக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது. உங்கள் முழங்காலுக்கு நான் அனுப்பிய தைலத்தைத் தேய்க்கிறீர்களா, அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறீர்களா?

பந்து இல்லை அப்பா. துப்பாக்கி இருக்கிறது. இவருக்கு அதுதான் முதல் இடி. ஞாயிறு பள்ளியில் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பத்துக் கட்டளை சொல்லிக்கொடுக்கிற மனுஷர், தன் வீட்டு ஹாலில் தன் பெண் ஆளைச் சுட்டுத் தள்ளுவதைப் பார்த்தால் எப்படி இருக்கும்?

நடந்ததைச் சொல்கிறேன். போன மாதம் ஒரு நாள் குடும்ப ஜெபத்துக்குக் கூப்பிட்டேன். வரவில்லை. மறுபடி கூப்பிட்டேன்.

"பாதியில நிறுத்த முடியாதும்மா. நான் எழுந்து போனா என் கூட இருக்கிற மூணு பேரும் செத்துருவாங்க" என்றாள்.

இவர் எழுந்து போய், "செத்தா சாகட்டும்" என்று சொல்லி ஒயரைப் பிடுங்கிவிட்டார். பிடுங்கிய கையோடு வந்து பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றிலிருந்து அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னிடம் 'ம்', 'இல்ல' என்பதோடு சரி.

இவருக்கும் மனசு இல்லாமல் இல்லை. காலையில் அவள் பள்ளி ஷூவைப் பாலிஷ் போட்டு அவள் அறை வாசலில் வைக்கிறார். அவளும் போட்டுக்கொண்டு போகிறாள். வாய் மட்டும் திறப்பதில்லை. இப்போதைக்குச் சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம், ஹாலில், எங்கள் கண்ணெதிரே ஆடலாம் என்று விட்டிருக்கிறார். ஹாஸ்டல் விஷயத்தில் மாற்றமில்லை.

என் எண்ணம் என்ன என்று கேட்பீர்கள். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க மற்றவர்களுக்கு எது தெளிவாகத் தெரிகிறது என்று கேட்கிறேன். வீட்டுக்கு வந்தால் எனக்கு ஒன்றும் தெரிவதில்லை.

நர்ஸுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். எங்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்

*

மார்ச் 9

என் செல்ல மகளுக்கு,

தைலம் தேய்க்கிறேன். முழங்கால் கேட்கிறது, இடுப்புக்குத்தான் பொறாமை. நீங்கள் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நேரில் பார்க்காத விஷயத்தைப் பற்றி நான் எப்போதும் வாய் திறக்க மாட்டேன், உனக்கே தெரியும். அதனால் அந்த விளையாட்டைக் கொஞ்சம் பார்த்தேன். எங்கே என்று கேள். நர்ஸம்மாவே ஆடுகிறார். "நாள் முழுக்க ஆஸ்பத்திரியில ஆளைப் பிழைக்க வைக்கிறேன், பெரியவரே. வீட்டுக்கு வந்து நாலு பேரைச் சாகடிச்சாத்தான் உடம்பு லேசாகுது" என்கிறார். (எழுதுகிறவர்: இதை எழுத வேண்டாம் என்றேன். எழுதச் சொல்கிறார்.)

மகளே, அது என்ன அதிசயம். ஒரு விமானத்திலிருந்து நூறு பேர் ஒரு தீவில் குதிக்கிறார்கள். ஆளில்லாத வீடுகள், திறந்து கிடக்கும் கதவுகள், நடுவில் ஏரி, ஏரிக்கு இந்தப் பக்கம் மாவு மில். சுற்றிலும் ஊதா மூடுபனி ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கிக்கொண்டே வரும். அதில் மாட்டினால் போச்சு. நான்கு நான்கு பேராகக் கூட்டு. கடைசி வரை நிற்கிறவன் ஜெயித்தான். குண்டு பட்டால் உடனே உயிர் போகாது. முட்டி போட்டு விழுவான். கூட்டாளி ஒருத்தன் ஓடி வந்து தோளில் கை வைத்துக்கொண்டிருந்தால் எழுந்துவிடுவான். பட்டறையில் சாரம் சரிந்த அன்று என்னை இழுத்துப் போட்டவனைத்தான் நினைத்துக்கொண்டேன்.

நம் பிள்ளை சுடுவதைவிட அப்படித் தூக்கிவிடுவதுதான் அதிகம் என்று கேள்வி. சுடுகிறதும் சுடுகிறாள், பொய் சொல்ல மாட்டேன். நன்றாகவே சுடுகிறாளாம். மாவு மில் கூரையில் இறங்குவதை மட்டும் அவள் குறைத்துக்கொண்டால் நல்லது. அங்கே கூட்டம் அதிகம், நர்ஸம்மா சொன்னார். (எழுதுகிறவர்: நான் சொல்லவில்லை.)

மாப்பிள்ளையிடம் அவசரப்பட வேண்டாம் என்று சொல். சனிக்கிழமை ஒரு மணி நேரத்தை மட்டும் குறைத்துவிடாதீர்கள்.

பிள்ளையின் தலையைத் தடவிக் கொடு.

அப்பா

*

ஏப்ரல் 3

அன்பு அப்பாவுக்கு,

சுகமா? நான் சுகம், மிகவும் சுகம். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

சனிக்கிழமை விளையாட்டை முடித்துவிட்டு வாண்டு தானாகவே வந்து ஜெபத்துக்கு உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது. இவர் வழக்கம்போல், யாருக்காவது விண்ணப்பம் உண்டா என்று கேட்டார். மாதக்கணக்கில் அவள் வாய் திறக்காத இடம் அது. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "கோழிக்காக ஜெபம் பண்ணணும்."

"கோழிக்கா?" என்றேன்.

"அது பட்டப்பேரும்மா. வயசானவர். தனியா இருக்கார். கீழ விழுந்துட்டார்."

யார், எந்தத் தெரு என்று கேட்டோம். "தெரிஞ்சவர்" என்பதற்கு மேல் பேச்சில்லை. பள்ளிக் காவலாளியாக இருக்குமோ என்று நான் நினைக்கிறேன். இவர் அந்தக் கோழிக்காக எவ்வளவு நேரம் ஜெபித்தார் தெரியுமா அப்பா? குரல் உடைந்துவிட்டது. முடித்ததும் அவள் சத்தமாக 'ஆமென்' சொன்னாள். ஜனவரிக்கு அப்புறம் இவர் ஜெபத்துக்கு அவள் சொன்ன முதல் ஆமென். இவர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார்.

என்னால் சும்மா இருக்க முடியுமா? நான்தானே எங்கள் ஜெபச் சங்கிலியின் முதல் கண்ணி. அன்றைக்கே எல்லா சகோதரிகளுக்கும் சொல்லிவிட்டேன். இன்று, வெள்ளிக்கிழமை, எல்லோரும் உபவாசம் இருக்கிறோம். அவர்கள் மற்ற சபைகளுக்கும் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் சபைக்கும் வந்து சேரும். அப்பா, நீங்களும் கோழிக்காக முழங்காலில் நில்லுங்கள். கால் வலித்தால் உட்கார்ந்தே செய்யுங்கள், ஆண்டவர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

மகிழ்ச்சியோடு,
உங்கள் மகள்

*

ஏப்ரல் 14

அன்பு மகளுக்கு,

கர்த்தர் என்னையும் என் பல்லையும் இதுவரை கழன்றுபோகாமல் வைத்திருக்கிறார். இடது மணிக்கட்டில் மட்டும் ஒரு சின்ன வீக்கம். எங்கேயோ இடித்துக்கொண்டேன்.

உங்கள் சங்கிலி வந்து சேர்ந்தது. ஞாயிறு ஆராதனையில் புதுப் போதகர் சீட்டை எடுத்து, "கோழி என்று அன்போடு அழைக்கப்படும் முதிய சகோதரர் ஒருவர்" என்று ஆரம்பித்தார். நர்ஸம்மா எனக்காக ஒவ்வொரு வரியையும் திரும்ப வாயசைத்துக் காட்டுவார் அல்லவா, அன்றைக்கு இருமல் வந்து வெளியே போய்விட்டார். காணிக்கைப் பை பிடிக்கிற பெரியவர் என் பக்கம் குனிந்து, "யாருங்க இந்தக் கோழி? பாவம், பேரைக் கேட்டாலே மனசு கஷ்டமா இருக்கு" என்று காதில் கத்தினார். எனக்கு என்ன தெரியும்? சபை முழுக்க எழுந்து நின்று ஜெபித்தது. நானும் நின்றேன். ஆமென் சொன்னேன். வேறு என்ன செய்ய?

மகளே, கோழி நன்றாகத்தான் இருப்பார் என்று என் மனதில் படுகிறது. உபவாசத்தை நிறுத்தச் சொல். சர்க்கரை வியாதிக்காரச் சகோதரிகள் யாரோ ஒரு கிழவனுக்காகப் பட்டினி கிடக்க வேண்டாம். வாண்டுவிடம், கவலைப்பட ஒன்றுமில்லை என்று தாத்தா சொன்னதாகச் சொல். பொதுவாகச் சொன்னேன்.

(எழுதுகிறவர்: ஒரு விஷயத்தை எழுதிவிடலாம் என்று நான் இரண்டு முறை கேட்டுவிட்டேன். மாட்டேன் என்கிறார். என்ன விஷயம் என்றும் எழுதக் கூடாதாம்.)

மாப்பிள்ளையின் குரல் உடைந்தது என்று எழுதினாயே, அதை எனக்கு இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னேன்.

அப்பா

*

மே 2

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்துக்குப் பதில் போட நேரமாகிவிட்டது. போடும்படியாக ஒன்றும் இல்லை. இப்போது இருக்கிறது.

கோழியைப் பார்க்கப் பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு சகோதரிகள் கிளம்பிவிட்டார்கள். விலாசம் கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். வாண்டு என் பின்னால் வந்து நின்றுகொண்டாள். கூட வந்த பாடகர் குழுப் பெண், அவள் வயதுதான், "ஐயோ ஆன்ட்டி, கோழி கேம்ல வர்ற ஆளு. எல்லா சனிக்கிழமையும் இவ கூடவே சுத்திக்கிட்டு இருக்கும்" என்று சொல்லிவிட்டாள்.

எனக்கு நின்ற இடம் தெரியவில்லை. பழக்கூடை மேஜை மேலேயே இருக்கிறது, யாரும் தொடவில்லை. ஜெபத்தைக் கேலி செய்துவிட்டாள் என்று இவருக்கு முதலில் கோபம். அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. வயதானவர், தனியாக இருக்கிறார் என்று அவளே சொன்னாளே. யார் அந்த ஆள்? பதிமூன்று வயதுப் பெண்ணோடு முகம் தெரியாத கிழவன் ஒருவன் வாராவாரம் எதற்காகத் திரிகிறான்? கடையில் ஒரு லென்ஸை இரண்டு தரம் கீழே போட்டேன்.

எவ்வளவோ கேட்டுப் பார்த்தோம். "சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்" என்கிறாள். அழவும் இல்லை.

கம்ப்யூட்டர் அலமாரிக்குள் போய்விட்டது. விண்ணப்பத்தில் இவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். திங்கட்கிழமை போலீசில் சொல்லப்போகிறார். வாண்டு, யாரும் சொல்லாமலே, தன் துணிகளைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

உங்கள் உடம்பை விசாரிக்கவும் மறந்துவிட்டேன்.

மகள்

*

மே 4, விரைவுத் தபால்

மகளுக்கும் மாப்பிள்ளைக்கும்,

போலீசுக்குப் போக வேண்டாம், கடிதம் வருகிறது என்று நர்ஸம்மா போனில் சொல்லியிருப்பார். மற்றதை என் வாயால்தான் சொல்ல வேண்டும். மகளே, இதை மாப்பிள்ளைக்குக் கேட்கும்படி சத்தமாக வாசி.

கோழி நான்தான்.

உன் பிப்ரவரிக் கடிதம் வந்ததும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நர்ஸம்மாவிடம் ஒரு பழைய டேப்லெட் இருந்தது. அதற்குள் போய் எங்கள் பிள்ளையைத் தேடிப் பிடித்துக் கொடு என்றேன். பிடித்துக் கொடுத்தார். இது உன் தாத்தா என்று எழுதிப் போட்டதற்கு வாண்டு நம்பவில்லை. கெட்டிக்காரி, சோதித்தாள். தன் முதல் பல் விழுந்தது எங்கே என்று கேட்டாள். எனக்குத் தெரியாதா? ஞாயிறு ஆராதனையில், காணிக்கை எடுக்கும்போது, நீ பச்சைப் புடவை கட்டியிருந்தாய், மாப்பிள்ளைக்குச் சளி. பல் காணிக்கைப் பைக்குள் விழுந்தது. பொருளாளர் எண்ணும்போது கண்டுபிடித்து ஒரு கவரில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். அதைச் சொன்னதும் திரையில் அவளுடைய பொம்மை, துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு என் பொம்மையைச் சுற்றிச் சுற்றி ஓடியது.

எனக்கு அவள் பேசுவது கேட்காது. எழுதினால் வாசிக்கத் தெரியாது. அதனால் நாங்களே ஒரு பாஷை வைத்துக்கொண்டோம். இரண்டு தரம் குதித்தால் 'வா'. உட்கார்ந்தால் 'அசையாதே'. எங்கே இறக்கிவிட்டாலும் நான் ஒரே இடத்தில் வட்டமடிக்கிறேன் என்று கோழி என்று பெயர் வைத்தாள்.

இப்போது நான் மறைத்ததைச் சொல்கிறேன். மார்ச் மாதக் கடைசிச் சனிக்கிழமை, விளையாட்டு நடுவில், மூக்குக்கண்ணாடியை எடுக்கக் குனிந்தேன். ஸ்டூல் வழுக்கிவிட்டது. நர்ஸம்மா வருகிறவரை தரையில் கிடந்தேன். மணிக்கட்டு அன்று போனதுதான். தீவில் என் பொம்மை வெட்டவெளியில் சும்மா நின்றிருக்கிறது. வாண்டு அதைவிட்டு நகரவில்லையாம். முன்னால் நின்று மறைத்துக்கொண்டு, கூட இருந்தவர்கள் திட்டிவிட்டுப் போன பிறகும் நின்று, மூடுபனி இரண்டு பேரையும் விழுங்குகிறவரை நின்றாள். அப்புறம் நர்ஸம்மா, தாத்தா விழுந்துவிட்டார், பிழைத்துக்கொண்டார் என்று எழுதினார். அம்மாவிடம் சொல்லாதே, பயந்து ஓடி வருவாள் என்று நான் எழுதச் சொன்னேன். அவள் அந்த வாக்கைத்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள்.

மாப்பிள்ளை, அவள் கேட்ட ஜெபம் கேலி இல்லை. கிழவன் நிஜம். விழுந்தது நிஜம். நீங்கள் குரல் உடைந்து கேட்டதும் எனக்காகத்தான். ஹாஸ்டலுக்கு யாரையாவது அனுப்பியே ஆக வேண்டுமென்றால் என்னை அனுப்புங்கள். மறைத்தது நான்.

சகோதரிகளிடம் எனக்காக மன்னிப்புக் கேள். பழத்தை வீணாக்காதீர்கள்.

அப்பா

*

மே 14

மாமா அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். தங்கள் கை குணமாகி வருவதாக நர்ஸ் மூலம் அறிந்தேன். நான் உங்களுக்குத் தனியாகக் கடிதம் எழுதுவது இதுவே முதல் தடவை. பிழை இருந்தால் பொறுக்கவும்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் அது பொய். நாங்கள் பயந்த பயத்தை உங்களால் கணக்கிட முடியாது. ஆனால் அதைவிட வேறொன்று என்னைத் தூங்கவிடவில்லை. உங்களோடு பேச அவளுக்கு இரண்டு தரம் குதித்தால் போதுமாயிருந்தது. ஒரே வீட்டில் இருக்கும் என்னோடு பேச அவளுக்கு ஒரு வழியும் இல்லாமல் போயிற்று.

இத்தனை வருஷ வேலையில், நானே உள்ளே ஏறி மேலும் கீழும் போய்வராமல் ஒரு லிஃப்டுக்கும் கையெழுத்துப் போட்டதில்லை. வெளியே நின்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிற பரிசோதகர்களை நான் மதிப்பதுமில்லை. இதில் நான் வெளியே நின்றே போட்டிருக்கிறேன்.

ஆகவே விண்ணப்பத்தை இன்னும் கொடுக்கவில்லை. என் சட்டைப் பையில் இருக்கிறது. இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை மாலை, ஜெபம் முடித்துவிட்டு, நாங்கள் மூவரும் நீங்களும் நான்கு பேராக ஒரு தடவை போய்வருவோம். அதன் பிறகு கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வேன். என்ன முடிவானாலும் நீங்கள் தலையிடக் கூடாது.

ஒரு நிபந்தனை. நான் யாரையும் சுட மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்

*

மே 21

அன்பு அப்பாவுக்கு,

கை எப்படி இருக்கிறது? எலும்பு டாக்டரிடம் காட்டினீர்களா? நர்ஸ் கண்ணால் பார்த்ததாக எழுதினால்தான் நம்புவேன்.

கம்ப்யூட்டர் அலமாரியிலிருந்து வெளியே வந்தாயிற்று. இவர் பக்கத்து வீட்டிலிருந்து ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். எனக்கு என் போன். வாண்டு எங்கள் இருவருக்கும் பழக்கிவிடுகிறாள். முதல் நாள் என்னிடம் சொல்வதுபோல் அவருக்குச் சொன்னாள்: "அம்மா, அப்பாவை வலது பக்கம் திரும்பச் சொல்லு." இவரும் என்னைப் பார்த்து, "எந்த வலதுன்னு கேளு" என்றார். நடுவில் நான் தபால்காரி. ஒரு கட்டத்தில் அவர் விடாமல் ஒரு சுவரையே முட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அப்பா, அது கதவு இல்ல, சுவர். சுவரைத் திறக்காதீங்க."

ஜனவரிக்கு அப்புறம் நேராக அவரிடம் சொன்ன முதல் வாக்கியம். இவர் "சரிம்மா" என்றார். திரும்பி என்னைப் பார்க்கவில்லை, காது மட்டும் சிவந்திருந்தது.

ஆனால் விண்ணப்பம் பையில்தான் இருக்கிறது. தினமும் சட்டை மாற்றும்போது எடுத்து அடுத்த சட்டைக்கு மாற்றுகிறார். நான் கேட்கவில்லை. அவளுடைய பெட்டியும் அடுக்கியது அடுக்கியபடி இருக்கிறது.

சனிக்கிழமை தயவுசெய்து ஸ்டூலில் உட்காராதீர்கள். கை வைத்த நாற்காலி, சுவரோடு ஒட்டி.

உங்கள் மகள்

*

மே 31

என் தங்க மகளுக்கு,

கடைசியில் எழுத வேண்டியதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், அப்புறம் மூச்சு வாங்கும். நான் சுகம், கை சுகம், நாற்காலி சுவரோடு ஒட்டியே இருந்தது, உங்கள் எல்லோருக்கும் என் முத்தங்கள். மாப்பிள்ளைக்கும் சேர்த்துத்தான்.

நேற்று என்ன நடந்தது என்று கேட்டால் அப்பாவும் பெண்ணும் சிரிக்கிறார்களே ஒழிய ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள் என்று நீ இன்று காலை நர்ஸம்மாவுக்குப் போன் செய்தாயாம். என் ஞாபகத்தைத்தான் நம்புவாய் என்றாயாம். சரி, கேள்.

முதலில் போனவள் நீ. விமானத்திலிருந்து குதித்தவள் குடையை விரிக்க மறந்து நேரே ஏரிக்கரைப் பாறை மேல் போய் விழுந்தாய். கோபித்துக்கொண்டு டீ போட எழுந்துபோனாய். அதனால்தான் உனக்கு ஒன்றும் தெரியவில்லை.

நாங்கள் மூவரும் மாவு மில்லில் இறங்கினோம். மாப்பிள்ளை கையில் துப்பாக்கி இல்லை. படியில் ஏறும்போது ஒவ்வொரு படியாகப் பார்த்துப் பார்த்து ஏறினார். மேலே ஒரு குளியலறை. உள்ளே போய்த் தொட்டிக்குள் உட்கார்ந்துகொண்டார். வாண்டு வாசலில் நின்று இரண்டு தரம் குதித்தாள். வரவில்லை. நல்ல இடம், வலுவான சுவர், இங்கேயே இருக்கிறேன் என்றாராம். நர்ஸம்மா காதில் மாட்டிக் கேட்டு எனக்கு உடனுக்குடன் கத்திக்கொண்டிருந்தார்.

மூடுபனி நெருங்கியது. எதிர்க் கூட்டம் ஒன்று மில் முற்றத்துக்குள் வந்துவிட்டது. வாண்டு அவர்களை எதிர்கொண்டு போனாள். இரண்டு பேரை வீழ்த்தினாள், மூன்றாமவன் இவளை அடித்துவிட்டுச் சுவர் மறைவுக்குப் போய்விட்டான். பிள்ளை முற்றத்து நடுவில் முட்டி போட்டுவிட்டாள். தூக்கிவிட நான் ஓடினேன். ஓடினேன் என்றால் என்ன, வழக்கம்போல் பாதி தூரத்தில் வட்டமடித்தேன். சுட்டுவிட்டான். நான் போனேன்.

செத்தவனுக்கு வேடிக்கை பார்க்க வழி உண்டு. பார்த்துக்கொண்டிருந்தேன். விழுந்தவளுக்கு உயிர் சொட்டுச் சொட்டாக இறங்குவது மேலே கோடாகத் தெரியும். கோடு பாதியானது. அதற்கும் கீழே போனது. குளியலறைக் கதவு திறந்தது.

மகளே, உன் வீட்டுக்காரர் வெறுங்கையோடு வெளியே வந்தார். அங்கேயும் ஓடவில்லை. சாலையைக் கடக்கிற மாதிரி இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், நடுமுற்றத்துக்கு நடந்தார். குண்டு தரையில் புழுதி கிளப்புகிறது. வாண்டு, "வராதீங்கப்பா, வேஸ்ட், நீங்களும் போயிருவீங்க" என்று கத்தினாளாம். அவர் காதில் வாங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை வைத்தார். வைத்த கையை எடுக்கவே இல்லை. அவள் எழுந்துவிட்டாள்.

எழுந்தவள் அவரை முன்னால் தள்ளிக்கொண்டு மில்லுக்குள் போனாள். படி வாசலில் திரும்பி நின்று அந்த மூன்றாமவனையும் முடித்தாள். பின்பக்கத்திலிருந்து வேறு ஒரு கூட்டம் வரும் என்று யார் கண்டது? "உள்ள போங்கப்பா" என்பதுதான் அவள் கடைசியாகச் சொன்னது. இந்தத் தடவை எழுப்ப வழியில்லாத அடி. மாப்பிள்ளை மறுபடியும் தொட்டிக்குள் போனார்.

மில்லுக்கு வெளியே அந்தக் கூட்டமும் இன்னொரு கூட்டமும் ஒன்றையொன்று தின்று தீர்த்தன. கடைசியில் தீவில் இரண்டே பேர். மாப்பிள்ளை தொட்டிக்குள். இன்னொருவன் ஏரிக்கரையில். மூடுபனி நான்கு பக்கமும் சுருங்குகிறது. மாப்பிள்ளைக்கு எந்தப் பொத்தான் எது என்று மறந்துவிட்டது. வாண்டு நாற்காலியை விட்டு எழுந்தாள் போலிருக்கிறது. அப்போது அவர் சொன்னதை நர்ஸம்மா எனக்குக் கத்திச் சொல்லவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக, உதடு தெரியும்படி சொன்னார்.

"எங்கடா போறே? ஹாஸ்டலும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். நீ பக்கத்துல இருந்து சொல்லு, நான் செய்யறேன்."

அவள் சொன்னாள், அவர் செய்தார். உட்காருங்கள் என்றாள், உட்கார்ந்தார். மூச்சு விடாதீர்கள் என்றாளாம், அதையும் நிறுத்தினாராம். ஏரிக்கரைக்காரன் பனிக்கு முன்னால் ஓடி வந்தான், மில் வாசல் தெரிகிற தூரம்வரை வந்தான், படியில் கால் வைக்கும் முன் ஊதாப் புகை அவன் மேல் ஏறிவிட்டது.

திரையில் எல்லாப் பெயரும் அணைந்து ஒன்று மட்டும் பெரிதாக நின்றது. மாப்பிள்ளைக்குப் பெயர் பதிந்தது வாண்டுதானாம், என்ன என்று அவருக்கே சொல்லவில்லையாம். எழுத்து தெரியாத நான் நர்ஸம்மாவின் கையைப் பிடித்து, யார், உயிரோடு இருப்பது யார் என்று கேட்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசித்தார்:

"எங்கப்பா."